பஞ்ச விதித்தொகுப்பு: ஓர் அரசு கற்றதும் மறந்ததும் (1866–1943)

நிறுவனங்களின் அறிவு மேலாண்மை பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் 1990-களுக்குப் பிந்தைய வணிக நிறுவனங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. ஊழியர் ஒருவர் பணிமாறிச் செல்லும்போது அவருடைய பட்டறிவும் உடன் போய்விடாமல் காப்பது, ஓரிடத்தில் கற்ற பாடத்தை மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது, அந்த ஏற்பாடு பயன் தருகிறதா என்று காலந்தோறும் மீளாய்வு செய்வது ஆகிய மூன்றும் அந்நூல்களின் மையப் பொருள்கள். இதே மூன்று சிக்கல்களையும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மிகப் பெரிய அளவில் எதிர்கொண்ட நிறுவனம் ஒன்று இந்தியாவில் இருந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசே அது. அது தொகுக்கவும் காக்கவும் முயன்ற அறிவு பஞ்சத்தைப் பற்றியது. வணிக நிறுவனத்தின் அறிவு மேலாண்மை தவறினால் இழப்பைப் பணத்தில் கணக்கிடலாம். இங்கு அது தவறியபோது லட்சக்கணக்கானோர் இறந்தனர்.

1866-இல் ஒரிசாவில் தொடங்கி 1943-இல் வங்காளத்தில் முடியும் இந்த வரலாற்றை, பஞ்சக் கொள்கையின் வரலாறாகப் பலர் எழுதியிருக்கின்றனர். நிறுவனம் ஒன்றின் நினைவாற்றலைப் பற்றிய வரலாறாகவும் இதனை வாசிக்கலாம். அவ்வாறு வாசிக்கும்போது ஒரு கருத்து தெளிவாகிறது. அறிவைச் சேமித்தார்களா என்பதைவிட, மீளாய்வின்போது எதை எண்ணினார்கள் என்பதும், சேமித்த அறிவைச் செயலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதுமே விளைவைத் தீர்மானித்தன.

ஒரிசாப் பகுதி அப்போது வங்காள மாகாண ஆட்சியின்கீழ் இருந்தது. 1865 செப்டம்பரில் பருவமழை முன்கூட்டியே நின்றது. நெல் விளைச்சல் பொய்த்தது. கட்டக்கில் ஆணையராக இருந்த டி. இ. ராவன்ஷாவும் பிற அதிகாரிகளும், ஜமீந்தார்களிடமும் வணிகர்களிடமும் பெருமளவு நெல் பதுங்கியிருக்கிறது, விலை ஏறினால் அது தானே சந்தைக்கு வரும் என்று நம்பினர். அப்படியொரு கையிருப்பு இல்லை. இல்லை என்று சொல்லத்தக்க புள்ளிவிவரமும் அரசிடம் இல்லை. நிவாரணப் பணியாளர்களுக்குக் கூலியாகக் கொடுக்க அரிசியை வெளியிலிருந்து தருவிக்கலாமா என்று 1866-இன் தொடக்கத்தில் ராவன்ஷா கேட்டபோது, கல்கத்தாவிலிருந்த வருவாய் வாரியம் மறுத்துவிட்டது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய பொருளியல் கோட்பாடு. நிலைமை புரிந்து அரசு அசைந்தபோது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. எல்லாப் பருவத்திலும் கப்பல் அணையத்தக்க துறைமுகம் ஒரிசாக் கடற்கரையில் இல்லை. சாலைகளும் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன. ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர். பூரி கஜபதி மன்னரின் ஆட்சியாண்டுக் கணக்கை ஒட்டி, ஒடிய மக்கள் அதனை ‘ந-அங்க துர்பிக்ஷம்’, அதாவது ஒன்பதாம் ஆண்டுப் பஞ்சம், என்று இன்றும் குறிப்பிடுகின்றனர்.

ஜார்ஜ் கேம்பல் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 1867-இல் அறிக்கை அளித்தது. அரசின் தவறான கணிப்பை அது வெளிப்படையாகக் கண்டித்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அது கவனித்தது. வடமேற்கு மாகாணங்களிலும் பஞ்சாபிலும் வருவாய்த் துறை அலுவலர்கள் சிற்றூர் வரை நிலத்தோடும் மக்களோடும் தொடர்பு வைத்திருந்தனர். வங்காள ஆட்சிமுறையில் அத்தொடர்பு மிகக் குறைவு. நிலவரியை ஜமீந்தார்கள் திரட்டித் தந்ததால், வயலில் என்ன விளைந்தது என்று அறிய வேண்டிய தேவையே அரசுக்கு ஏற்படவில்லை. தனக்குத் தேவைப்படாத செய்தியை எந்த நிறுவனமும் தேடித் திரட்டுவதில்லை. தேவை திடீரென எழுந்தபோது அதைக் கேட்டறியும் வழியும் இல்லாமல் போயிற்று.

எழுதிவைத்த அறிவு முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1860–61-இல் வடமேற்கு மாகாணங்களில் ஏற்பட்ட பஞ்சத்தை ஆராய்ந்து கர்னல் பெயர்டு ஸ்மித் ஓர் அறிக்கை அளித்திருந்தார். பஞ்சம் என்பது உணவு இல்லாமையைக் காட்டிலும் வேலை இல்லாமையே, வேலை இழந்தவர் உணவை வாங்க முடியாமல் போவதே பட்டினிக்குக் காரணம் என்ற கருத்து அதில் இருந்தது. பிற்காலப் பஞ்ச ஆய்வுகளுக்கு முன்னோடியான கருத்து அது. எனினும் கட்டக்கில் இருக்கும் அலுவலர் எந்த அறிகுறியைக் கண்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நடைமுறை எதுவும் அதிலிருந்து உருவாகவில்லை. அறிக்கை அறிக்கையாகவே நின்றுவிட்டது.

ஒரிசாவுக்குப் பின் அரசு எடுத்த முயற்சிகளில் பெரியது தகவல் தொகுப்பு. 1867-இல் மாகாணங்கள்தோறும் விவரச் சுவடிகள் தொகுக்க ஆணை பிறந்தது. ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு வகையில் எழுதியதால் அவற்றை ஒப்பிட முடியவில்லை. எனவே 1869-இல் வைசிராய் மேயோ பிரபு, வில்லியம் வில்சன் ஹண்டரிடம் ஒரே வடிவிலான திட்டத்தை வகுக்கும் பொறுப்பை அளித்தார். மாவட்ட அலுவலர்களுக்கு ஒரே வினாப் பட்டியல் அனுப்பப்பட்டது. இடப்பெயர்களை எழுத ஒரே எழுத்துப்பெயர்ப்பு முறை வகுக்கப்பட்டது. நாடெங்கும் எழுதப்பட்ட புள்ளிவிவரத் தொகுதிகள் 128 ஆயின. அவற்றின் சுருக்கமாக 1881-இல் ஒன்பது தொகுதிகள் கொண்ட இம்பீரியல் கெசட்டியர் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாவட்டம் மாறும் ஆட்சியரின் அறிவை, அவருக்குப் பின் வருபவருக்கு விட்டுச்செல்லும் முறையான முயற்சி என்ற வகையில் இதற்கு ஈடு அக்காலத்தில் அரிது. மாவட்ட வரலாறு எழுதும் ஆய்வாளர் எவரும் இன்றும் அத்தொகுதிகளிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஆனால் அத்தொகுதிகள் நிலைமையை விவரித்தன, செயலைப் பணிக்கவில்லை. அந்தத் தொகுப்புப் பணி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவில் பெரும்பஞ்சம் வந்தது. அதற்கு முன்னர், அரசு தன் பாடத்தைச் சரியாகக் கற்றதையும், கற்றதைத் தானே கைவிட்டதையும் காட்டும் ஒரு நிகழ்ச்சி நடந்தது.

1873-இல் வங்காள மாகாணத்தின் பிகார்ப் பகுதியில் மழை பொய்த்தது. அப்போது வங்காளத் துணைநிலை ஆளுநராக இருந்தவர் ஒரிசா விசாரணையை நடத்திய அதே ஜார்ஜ் கேம்பல். ஒரிசாவின் பாடம் அறிக்கை வழியாக அன்றி ஒரு மனிதரின் நினைவு வழியாகப் பிகாருக்கு வந்தது. 1874-இல் கேம்பலுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியைத் தொடர்ந்தார். பர்மாவிலிருந்து நான்கரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட அரிசி தருவிக்கப்பட்டது. பட்டினிச் சாவுகள் மிகச் சிலவே. பஞ்ச நிவாரணம் வெற்றி பெற முடியும் என்பதற்கு அந்த நூற்றாண்டில் கிடைத்த மிகத் தெளிவான சான்று இது.

அந்தச் சான்றை அரசு எவ்வாறு மீளாய்வு செய்தது என்பதுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை. செலவு 60 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. அரிசியின் ஒரு பகுதி மிஞ்சி, நட்டத்திற்கு விற்கப்பட்டது. சாவுகள் நிகழாததையே காரணமாகக் காட்டி, ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று விமரிசகர்கள் வாதிட்டனர். தடுக்கப்பட்ட சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மிஞ்சிய அரிசி ஏறுகிறது. ஆகவே நிறுவனத்தின் நினைவில் பிகார் நிகழ்ச்சி வெற்றியாகப் பதியவில்லை, வீண்செலவாகப் பதிந்தது. டெம்பிளின் நற்பெயரும் குலைந்தது.

1876-இல் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூர், ஐதராபாத் பகுதிகளிலும் மழை பொய்த்தது. தமிழகத்தில் இது தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. வைசிராய் லிட்டன் பிரபு 1877-இன் தொடக்கத்தில் அதே டெம்பிளைப் பஞ்சப் பகுதிகளுக்குப் பேராளராக அனுப்பினார். சிக்கனம் பேணுவதே அவருக்கு இடப்பட்ட பணி. மூன்றாண்டுகளுக்கு முன் உயிரைக் காத்ததற்காக ஊதாரி எனப் பெயர் வாங்கியவர், இம்முறை தம் சிக்கனத்தை மெய்ப்பிக்க முற்பட்டார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் வகுத்த அளவு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் பெற்றது. அந்த அளவு உணவை உண்டு உடலுழைப்புச் செய்பவர் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மறுத்து எழுதினார். அவர் சான்று காட்டியது நிவாரண முகாம்களில் மெலிந்து வந்த உடல்களையும் இறப்புக் கணக்கையும். 1877-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் இழப்பு பெருகிவிட்டது.

டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் இடையே நடந்தது, எதை அளவுகோலாகக் கொள்வது என்பது பற்றிய சண்டை. ஒருவர் கணக்கில் செலவுப் பத்தி இருந்தது. மற்றவர் கணக்கில் உடல் எடையும் சாவும் இருந்தன. இருவரும் ஒரே அரசின் அலுவலர்கள். இருவரிடமும் தரவுகள் இருந்தன. எந்தத் தரவை முடிவெடுப்பவர் கேட்டார் என்பதே வேறுபாடு.

1878-இல் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சத்தால் 52 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று மதிப்பிட்டது. ஆணையத்தின் செயலாளர் சார்லஸ் எலியட், மைசூர்ப் பஞ்சப் பணியில் நேரடியாக இருந்தவர். மாகாணங்கள்தோறும் வினாப் பட்டியல் அனுப்பி, அலுவலர்களின் பட்டறிவைத் திரட்டி, 1880-இல் வெளியிட்ட அறிக்கையோடு ஆணையம் ஒரு விதித்தொகுப்பின் வரைவையும் முன்வைத்தது. 1883-இல் இந்திய அரசு தற்காலிகப் பஞ்ச விதித்தொகுப்பைச் சுற்றுக்கு விட்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஒவ்வொரு மாகாணமும் தன் தன் நிலைமைக்கேற்ப விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டது.

கெசட்டியரிலிருந்து இந்த விதித்தொகுப்பு வேறுபட்ட இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். விளைச்சல், மழை, தானிய விலை ஆகியவற்றை ஊர் அலுவலர் முதல் ஆட்சியர் வரை ஒழுங்காக அறிக்கையிட வேண்டும் என்று அது விதித்தது. விலையேற்றம், ஊர்விட்டுப் பெயரும் மக்கள், பெருகும் பிச்சைக்காரர்கள், அதிகரிக்கும் சிறு திருட்டுகள் போன்றவற்றை வரவிருக்கும் பஞ்சத்தின் அறிகுறிகளாக அது வகைப்படுத்தியது. ஐயம் எழுந்தால் ‘சோதனைப் பணி’ திறக்க வேண்டும். கடும் உழைப்பும் குறைந்த கூலியும் உள்ள அந்த வேலைக்கும் மக்கள் திரண்டு வந்தால் இடர் உண்மையானது என்று கொள்ள வேண்டும். பிறகு பஞ்சம் அறிவிக்கப்பட்டு, முன்கூட்டியே வரைந்து வைத்த திட்டப்படி நிவாரணப் பணிகள் தொடங்க வேண்டும். உழைக்க இயலாத முதியோர், நோயாளர், குழந்தைகளுக்கு இலவச உதவி வழங்க வேண்டும். முன்பு பஞ்சம் பார்த்திராத இளம் அலுவலர் ஒருவர்கூட இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் வேலையைத் தொடங்க முடியும். தனிமனிதர்களின் பட்டறிவு நிறுவனத்தின் நடைமுறையாக மாறியது இங்குதான்.

வேலையையே சோதனையாக ஆக்கியது இரக்கமற்ற முறை. வேலை கேட்டு வருவதற்கே மெலிந்த உடல் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. எனினும், தகவல் நோக்கில் அது ஒரு முக்கியமான மாற்றம். ஒரிசாவில் அலுவலர்கள் நெல் கையிருப்பை ஊகித்தனர். விதித்தொகுப்பின்படி மக்களின் நடத்தையே சான்றாயிற்று. களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா என்று தெரியாமலேயே, மக்கள் பசித்திருக்கிறார்கள் என்று அறிய ஒரு வழி கிடைத்தது. பெயர்டு ஸ்மித் 1861-இல் கண்டறிந்த கருத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு செயல்முறையாக உருப்பெற்றது.

விதித்தொகுப்புக்கு மீளாய்வும் கிடைத்தது. 1896–97 பஞ்சத்திற்குப் பின் ஜேம்ஸ் லயால் தலைமையிலும், 1899–1900 பஞ்சத்திற்குப் பின் ஆண்டனி மெக்டொனல் தலைமையிலும் ஆணையங்கள் அமைந்தன. விதிகள் நடைமுறையில் எவ்வாறு செயல்பட்டன, எங்கு தாமதம் ஏற்பட்டது, எங்கு கூலி போதவில்லை என்பவற்றை அவை மாகாணவாரியாக ஆராய்ந்தன. 1901-இல் வெளியான மெக்டொனல் அறிக்கை ஒரு புதிய கோணத்தைச் சேர்த்தது. மக்கள் மனம் தளர்ந்து ஊரைவிட்டு அலையத் தொடங்கும் முன்பே அரசு அவர்களுக்கு நம்பிக்கையூட்ட வேண்டும் என்று அது வலியுறுத்தியது. உழவர்களுக்கு முன்கூட்டியே கடன், வரி நிறுத்தம், கால்நடைத் தீவனத்திற்கு ஏற்பாடு, ஊருக்கு அருகிலேயே வேலை, மாகாணத்திற்கு ஒரு பஞ்ச ஆணையர் என்று அதன் பரிந்துரைகள் விரிந்தன. திட்டத்தை வகுத்து, நடைமுறைப்படுத்தி, ஒவ்வொரு நெருக்கடிக்குப் பின்னும் திருத்தும் சுழற்சி ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் நிலைபெற்றது.

அந்த மீளாய்வுகளுக்கு ஓர் எல்லை இருந்தது. நிவாரணம் எவ்வளவு விரைவாகவும் சிக்கனமாகவும் சென்றது என்று அவை ஆராய்ந்தன. ஓர் ஆண்டு மழை பொய்த்தவுடன் உழவர் குடும்பம் பட்டினியில் விழும் அளவுக்கு ஏன் கையிருப்பின்றி இருக்கிறது என்ற வினா அவற்றின் மையத்திற்கு வரவில்லை. அந்த வினாவை எழுப்பியவர்கள் அரசுக்கு வெளியே இருந்தனர். இந்தியக் குடிமைப் பணியிலிருந்து 1897-இல் ஓய்வு பெற்ற ரமேஷ் சந்திர தத், 1900-இல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய திறந்த மடல்களில், நிலவரியின் சுமைக்கும் பஞ்சத்திற்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரங்களோடு முன்வைத்தார். அரசின் சொந்த அறிக்கைகளையே அவர் பெரிதும் ஆதாரமாகக் கொண்டார். கர்சன் அரசு 1902-இல் நிலவருவாய்க் கொள்கை பற்றிய தீர்மானத்தை வெளியிட்டு மறுத்தது. அரசிடம் இருந்த தரவுகளிலிருந்தே அரசு எழுப்பாத வினாவை வெளியிலிருந்த ஒருவர் எழுப்பினார்; அரசோ தன் கொள்கையைக் காத்துக்கொள்ளவே முனைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில், முந்தைய நூற்றாண்டின் அளவிலான பெரும்பஞ்சம் நிகழவில்லை. இருப்புப்பாதைகள், பாசனம், மழைநிலை முதலியன அதற்குப் பங்களித்தன, விதித்தொகுப்பும் பங்களித்தது. இதனால் ஒரு நம்பிக்கை வளர்ந்தது: பஞ்சம் என்பது தீர்ந்துபோன சிக்கல், அதற்கான வழிகாட்டி நூல் அலமாரியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை 1943-இல் வங்காளத்தில் சோதனைக்கு உள்ளாயிற்று.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது; பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று கடலோர வங்காளத்தில் படகுகளும் நெல்லும் அகற்றப்பட்டன. அக்டோபரில் மேதினிப்பூரைப் பெரும்புயல் தாக்கியது. போர்ச் செலவால் பணவீக்கம் ஏறியது; மாகாணங்கள் தானியம் வெளியேறாதபடி தடை போட்டன. 1943-இன் முதற்பாதியில் அரிசி விலை உழைப்பாளர்களின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. பஞ்ச விதித்தொகுப்பு பட்டியலிட்ட அறிகுறிகள் கண்முன் தெரிந்தன: விலையேற்றம், ஊர்விட்டுப் பெயர்தல், கல்கத்தா நடைபாதைகளில் குவிந்த பசித்த மக்கள். எந்த அறிகுறி எதைக் குறிக்கும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் அரசு பஞ்சத்தை அறிவிக்கவில்லை; விதித்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. விதித்தொகுப்பு வரையறுத்த அளவு உணவை வழங்க அரசிடம் தானியம் இல்லை என்பதே அதைச் செயற்படுத்தாததற்கு ஆளுநர் தரப்பில் வைசிராய்க்கு எழுதப்பட்ட விளக்கம்.

அந்த விளக்கத்தின் பொருளை நிறுத்தி எண்ணிப் பார்க்கலாம். விதித்தொகுப்பை அறிவித்தால் உணவு வழங்கும் கடமை எழும். கடமையை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்ததால், கடமை எழாமலேயே பார்த்துக்கொள்ளப்பட்டது. இங்கு அறியாமை இல்லை. அறிவை அழைக்கும் உரிமை, அதனால் சங்கடம் அடையக்கூடியவரிடமே இருந்ததுதான் குறை. மேலும், பதுக்கலே காரணம் என்று நம்பி 1943 ஜூனில் அரசு ஊரூராகத் தானியம் தேடும் இயக்கம் நடத்தியது. ஒரிசாவில் ராவன்ஷா நம்பிய அதே மறைந்த கையிருப்பை 77 ஆண்டுகளுக்குப் பின் அரசு மீண்டும் தேடியது. கேம்பல் ஆணையம் சுட்டிய மற்றொரு குறையும் மாறாமல் இருந்தது. நிலையான நிலவரி ஏற்பாடு நிலவிய வங்காளத்தில் ஊர்க்கணக்கர் அமைப்பு இல்லாததால், விளைச்சல் மதிப்பீடுகள் ஊகத்தின் அளவிலேயே இருந்தன.

பஞ்சத்தை ஒப்புக்கொள்ள அரசைக் கட்டாயப்படுத்தியதில் அரசின் அறிக்கை முறைக்குப் பெரும்பங்கு இல்லை. 1943 ஆகஸ்டு 22 அன்று கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ், ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸின் முடிவின்படி, தெருவில் கிடந்த பட்டினி உடல்களின் ஒளிப்படங்களை வெளியிட்டது. தில்லியும் இலண்டனும் அதன் பிறகே கண்களைத் திருப்பின. அக்டோபரில் பொறுப்பேற்ற வைசிராய் வேவல் நிவாரணத்தில் இராணுவத்தை ஈடுபடுத்தினார். வங்காளிகள் தங்கள் நாட்காட்டியின் 1350-ஆம் ஆண்டை ஒட்டி இதனைப் ‘பஞ்சாஷேர் மன்வந்தர்’ என்கின்றனர். ஜான் வுட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணை ஆணையம் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 30 லட்சத்தை ஒட்டியும் செல்கின்றன.

1943-இன் மீளாய்வு இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று வுட்ஹெட் ஆணையம். அதன் அறிக்கை 1945-இல் வெளியாயிற்று. ஆனால் அதன் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களை அழித்துவிட உத்தரவிடப்பட்டது. உறுப்பினர்களில் ஒருவரான மணிலால் நானாவதி தம்மிடமிருந்த பிரதிகளை அழிக்காமல் காத்தார். அவை நானாவதி ஆவணங்கள் என்ற பெயரில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அறிக்கையைச் சாட்சியங்களோடு ஒப்பிட்டு வாசிக்க முடிவது அவரால்தான். மற்றொன்று, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி. சி. மகலநோபிஸும் உடன்பணியாற்றியவர்களும் நடத்திய மாதிரி ஆய்வு. பஞ்சத்திற்குப் பின் சிற்றூர்க் குடும்பங்களை நேரில் சந்தித்து, யார் நிலத்தை விற்றனர், யார் மாட்டை இழந்தனர், எந்தத் தொழிலினர் ஆதரவற்றோராயினர் என்று அது கேட்டது. அதன் முடிவுகள் 1946-இல் வெளிவந்தன. நிவாரணம் எவ்வளவு வழங்கப்பட்டது என்று எண்ணிய மீளாய்வுகளின் வரிசையில், குடும்பம் எதை இழந்தது என்று எண்ணிய மீளாய்வு அது.

விடுதலைக்குப் பின் விதித்தொகுப்புகள் பல மாநிலங்களில் பற்றாக்குறைக் கையேடுகளாகத் தொடர்ந்தன. மகாராட்டிரத்தில் 1970 முதல் 1973 வரை நீடித்த வறட்சியின் உச்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரணப் பணிகளில் வேலை செய்தனர். அடிப்படை முறை 1883-இன் முறையே. மாறியது அரசியல் சூழல். வேலை திறக்காத ஊர்களில் மக்கள் ஊர்வலம் போனார்கள்; சட்டமன்றத்தில் கேள்விகள் எழுந்தன; நாளிதழ்கள் எழுதின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக வந்த மகாராட்டிர வேலை உறுதிச் சட்டம் 1979-இல் நடைமுறைக்கு வந்தபோது, வேலையைத் திறக்கும் அதிகாரம் அலுவலரின் அறிவிப்பிலிருந்து கேட்பவரின் உரிமைக்கு இடம் மாறியது. 2005-இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், அப்பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. மீளாய்வு செய்பவர் யார் என்ற வினாவுக்கு, ஒரிசாவுக்குப் பின் 139 ஆண்டுகள் கழித்துச் சட்டப்படி ஒரு விடை எழுதப்பட்டது. நடைமுறையில் அந்தத் தணிக்கை எல்லா மாநிலங்களிலும் ஒரே தரத்தில் நடந்ததில்லை என்பதும் உண்மை.

அறிவு மேலாண்மையைப் பயிலும் மாணவருக்கு இந்த வரலாறு சில கருவிகளைத் தருகிறது. ஒரு நிறுவனத்தின் மீளாய்வு அறிக்கையைக் கையில் எடுத்தால், முடிவுரைக்கு முன் அட்டவணைகளின் தலைப்புகளைப் பார்க்கலாம். பிகாரில் மிஞ்சிய அரிசி அட்டவணையில் இருந்தது. காக்கப்பட்ட உயிர்கள் இல்லை. அந்த ஒரு விடுபடல் மூன்றாண்டுகளுக்குப் பின் தென்னிந்தியாவில் டெம்பிள் கூலியாக வடிவெடுத்தது. அடுத்து, நிறுவனம் எழுதிவைத்த நடைமுறையை யார் தொடங்கிவைக்க முடியும், தொடங்காமல் விட்டால் யார் கேள்வி கேட்க முடியும் என்று பார்க்கலாம். வங்காளத்தில் நூல் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லும் உரிமை பசித்தவருக்கு இல்லை. கடைசியாக, அறிக்கைக்குப் பின்னால் இருந்த சாட்சியங்கள் என்னவாயின என்று தேடலாம்.

அலுவலகங்கள் பஞ்சங்களை ஆண்டு எண்ணாலும் ஆணையத் தலைவரின் பெயராலும் நினைவில் வைத்தன. மக்கள் அவற்றைத் தாது வருடம், ஒன்பதாம் ஆட்சியாண்டு, ஐம்பதாம் ஆண்டு என்று தங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொண்டனர். இரண்டு நினைவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஆவணக் காப்பகம்தான். நானாவதியின் பிரதிகள் எரிக்கப்பட்டிருந்தால், 1943-ஐப் பற்றி அந்த ஆணையம் எழுதிய முடிவுரை எஞ்சியிருக்கும்; அதன் முன் மக்கள் சொன்னதை வாசிக்க வழி இருந்திருக்காது.